நூற்றெட்டுக் கிளிக் அர்ச்சனை

2008ஆம் ஆண்டு கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு புதுநோய் பரவியது. வலக்கைச் சுட்டுவிரல் வீங்கும் நோய்.

காலி வீதியில் காலையில் இறங்கி நடந்தால் போதும். புடைவைக் கடை முதலாளிக்குச் சுட்டுவிரலில் பிளாஸ்டர். நகைக்கடைக்காரருக்கு மஞ்சள் பற்று. சாப்பாட்டுக் கடைக்காரர் அந்த ஒரு விரலை மட்டும் ஆகாயத்தை நோக்கி நீட்டிக்கொண்டு மற்ற நாலு விரலால் கொத்துரொட்டி கட்டுகிறார். மருந்துக் கடைகளில் பிளாஸ்டர் தீர்ந்துபோயிற்று. நுளம்புக் கடியா, தண்ணீரா, கிருமியா என்று டாக்டர்மார் மண்டையைக் குழப்பினார்கள். நுளம்பும் இல்லை, தண்ணீரும் இல்லை. பக்தி!

நோயைக் கொண்டுவந்தவர் ஸ்ரீலஸ்ரீ இணையானந்த சுவாமிகள். கடற்கரைப் பக்கம் போகும் ஓர் ஒழுங்கையில், மாடியில், குளிரூட்டிய அறையில் ஆசிரமம். காலை ஐந்து மணிக்கே வரிசை தொடங்கிவிடும். படியால் இறங்கி, ஒழுங்கையில் வளைந்து, ரயில் தண்டவாளத்தைத் தொட்டுவிடும். ரயில் வரும்போது வரிசையின் வால் கடற்பக்கம் பாய்ந்து, ரயில் போனதும் மறுபடி வந்து ஒட்டிக்கொள்ளும். உயிரே போனாலும் இடம் போகக்கூடாது பாருங்கள்.

சுவாமிகள் நோய் தீர்ப்பவர் அல்லர். பேய் ஓட்டுபவரும் அல்லர். அதெல்லாம் பழைய தொழில். அவர் தருவது முதலிடம். இணையத்தில் யாராவது எதையாவது தேடினால் உங்கள் கடையின் பெயரை முதலாவதாக வரவைப்பார். அவ்வளவுதான். ஆனால் அந்தக் காலத்தில் எங்களுக்கு அதுவே மோட்சம்.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். போரால் யாழ்ப்பாணப் பாதை பூட்டி இரண்டு வருஷம். அங்கிருந்து ஆள் வராது, சாமான் வராது. கொழும்பில் இருந்தவர்களோ பொலிஸ் எப்போது யாரைப் பிடிக்குமோ என்று வீட்டை விட்டு வெளியே வரப் பயந்தார்கள். வாங்குகிற சனம் எல்லாம் ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும். மாப்பிள்ளை கனடாவில், பொம்பிளை கொழும்பில், கூறைச்சேலை பார்ப்பது இணையத்தில். ஆகவே கடைக்காரர் எல்லோரும் ஆளுக்கொரு வெப்சைற் செய்தார்கள். செய்துவிட்டுத் தேடிப் பார்த்தால் கடை பதினாலாம் பக்கத்தில் கிடக்கிறது. எந்த மகராசன் பதினாலு பக்கம் புரட்டப் போகிறான்?

அங்கேதான் சுவாமிகள் அவதரித்தார். முறை மிகவும் எளிது. முதலில் தீட்சை. அதாவது, தேடுபொறியில் உங்கள் பெயரில் சுவாமிகளே ஒரு கணக்குத் திறந்து, காதில் ஒரு இரகசியச் சொல்லை ஓதுவார். அதன்பிறகு ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், அதிகாலையில் குளித்து, விபூதி பூசி, கிழக்கே பார்த்து உட்கார்ந்து, அந்தக் கணக்கைத் திறந்து, உங்கள் தொழிலைத் தேடி, உங்கள் கடை எந்தப் பக்கத்தில் கிடந்தாலும் கண்டுபிடித்து, அதை நூற்றெட்டு முறை கிளிக் செய்ய வேண்டும். நாற்பத்தெட்டாம் நாள் கணினி அம்மன் மனம் இரங்குவாள்.

இரண்டு விலக்கு உண்டு. ஒன்று, வேறு யாருடைய கணினியிலும் உங்கள் கடையைத் தேடக்கூடாது. தீட்டு! நாற்பத்தெட்டு நாள் அர்ச்சனையும் பாழ். மற்றது, முதலிடம் கிடைத்ததை வெளியே சொல்லக்கூடாது. கண்ணூறு படும்!

இந்த இரண்டையும் எழுதிக்கொண்டிருக்கும்போதே எனக்கு என்னை அறைய வேண்டும்போல இருக்கிறது. ஏனென்றால் நானும் கிளிக் செய்தவன்தான். நாகேந்திரம் ஸ்டூடியோ. விசாப் படம் பத்து நிமிடத்தில். இரண்டு காதும் தெரிய, சிரிக்காமல். அதே படத்தை எடுத்து எடுத்துச் சிரிக்கவே மறந்துபோன மனுசன் நான். என் விரலும் வீங்கியது.

அந்த விரலால் நான் பட்ட பாட்டைக் கேளுங்கள். ஒருநாள் காலை பாலத்தடிச் சோதனைச்சாவடியில் சார்ஜன்ட் என் அடையாள அட்டையைப் பார்த்தார், பிறகு என் கையைப் பார்த்தார்.

"மே எங்கில்லட்ட மொகத உனே?"

விரலுக்கு என்ன வந்தது என்று சிங்களத்தில் கேட்கிறார். வலக்கை. சுட்டுவிரல். தமிழன். துப்பாக்கி விசையை இழுக்கிற விரல் அதுதான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. வாங்குப் பலகையில் இருத்திவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் புடைவைக் கடைத் தில்லைநாதனைக் கொண்டுவந்து பக்கத்தில் இருத்தினார்கள். அதே விரல். பிறகு இன்னும் நாலு பேர். அதே விரல். சார்ஜன்ட்டின் முகம் இருண்டுகொண்டே போனது. ஒரு பெரிய படையணியையே பிடித்துவிட்டதாக நினைத்திருப்பார்.

எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் அம்மன், மண்டலம், கிளிக் எல்லாவற்றையும் விளக்கினேன். அவருக்கு விளங்கவில்லை. கடைசியில் மேசையில் கிடந்த நெருப்புப் பெட்டியை மவுஸ் மாதிரிப் பிடித்து "டக், டக், டக்" என்று செய்து காட்டினேன். ஆறு பேரும் ஆறு நெருப்புப் பெட்டியில் டக், டக், டக். சார்ஜன்ட் கதிரையை இழுத்துப் போட்டு எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார். குருநாகலில் தன் மல்லிக்கு, அதாவது தம்பிக்கு, ஒரு டயர்க் கடை இருக்கிறதாம். அதுவும் முதலாவதாக வருமா?

நாட்டில் இரண்டு பக்கமும் எதிலும் உடன்படாத காலம் அது. இதில் மட்டும் உடன்பாடு உடனே ஏற்பட்டது.

சரி, என் கதையை விடுங்கள். என் விரல் வீங்கியதால் உலகம் ஒன்றும் இழக்கவில்லை. கனகேஸ்வரியின் கதை அப்படியல்ல.

கனகேஸ்வரி சாவகச்சேரிப் பெண். பாதை பூட்டுவதற்கு ஒரு கிழமை முன்னர் இரண்டு பெண்பிள்ளைகளோடு கொழும்புக்கு வந்தவள். பின்னால் வருகிறேன் என்ற கணவர் அங்கேயே மாட்டிக்கொண்டார். என் ஸ்டூடியோவுக்குப் பின்னால் ஒரு கராஜ். அதற்குள் ஒரு மிளகாய் அரைக்கும் மெஷின். பச்சை நிறம், ஆளுயரம், போட்டால் என் சுவரில் தொங்கும் படமெல்லாம் நடுங்கும். அந்த மெஷின்தான் பிள்ளைகளுக்குச் சோறு, பள்ளிக்கூடம், வாடகை எல்லாம். அவள் மிளகாயும் மல்லியும் பெருஞ்சீரகமும் வறுக்கும்போது ஒழுங்கை முழுக்கத் தும்மும். ஆனால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அப்படியொரு தூள்.

முன்பெல்லாம் காலையில் வறுத்து அரைத்து, பத்து மணிக்குப் பையைத் தூக்கிக்கொண்டு லொட்ஜ் லொட்ஜாகப் போய்வருவாள். விசாவுக்குக் காத்திருக்கிற சனம் கிலோக் கணக்கில் வாங்கி வெளிநாட்டுக்குக் கொண்டுபோகும். சுவாமிகளிடம் தீட்சை எடுத்ததும் காலை முழுக்கக் கிளிக். விரல் வீங்கிய பிறகு அகப்பை பிடிக்க முடியவில்லை. லொட்ஜ்காரர் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள்.

நாற்பத்தெட்டாம் நாள் விடிய ஓடிவந்தாள்.

"அண்ணை! நான் முதலாவதா வந்திட்டன்! என்ரை கண்ணாலை கண்டனான்!"

அழுதுகொண்டே சிரித்தாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது. என்னுடையதும் முதலாவதாக வந்திருந்தது, ஆனால் கண்ணூறுக்குப் பயந்து வாயைத் திறக்கவில்லை.

ஒரு மாதம் போயிற்று. ஓடர் ஒன்றுகூட வரவில்லை. சுவாமிகளிடம் போய் அழுதாள். அவர் கண்ணை மூடித் திறந்து சொன்னார்: "அம்மா, உனக்குக் கிடைச்சது உள்ளூர் முதலிடம். உலக முதலிடத்துக்கு மகா யாகம் செய்ய வேணும்." யாகத்துக்கு ஆகும் தொகையைக் கேட்டு அவள் அதிர்ந்து நிற்க, சுவாமிகளே வழியும் காட்டினார். "அந்த மெஷினை வித்துப்போடு. அதின்ரை இரைச்சல் அம்மனுக்கு ஆகாது. தூளும் மூக்கிலை ஏறுது."

மெஷினை விற்றுவிட்டுத் தூளுக்கு உலக முதலிடம்! எந்தத் தூளுக்கு? எந்த மெஷினில் அரைத்தது? இந்தக் கேள்வி அவளுக்கும் வரவில்லை, எனக்கும் வரவில்லை. மருதானையில் பழைய மெஷின் வாங்கி விற்கும் ஷரீப் என்பவரிடம் பேசி முடித்தாள். வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு லொறியோடு வந்து ஏற்றிக்கொண்டு போவதாக ஏற்பாடு. யாகமும் அதே வெள்ளிக்கிழமைதான்; காசு கைக்கு வந்ததும் தட்சணை.

அந்தச் செவ்வாய்க்கிழமை மேபல் வந்தாள்.

மேபல் கொட்டாஞ்சேனைக்காரி, கனகேஸ்வரியின் பழைய வாடிக்கைக்காரி. நீதிமன்றங்கள் உள்ள புதுக்கடைப் பகுதியில் ஒரு வக்கீலிடம் இருபத்தைந்து வருஷமாக டைப்பிஸ்ட். வக்கீல் நீதிமன்றத்தில் கேட்கும் கேள்வியையெல்லாம் டைப் அடித்து அடித்து அவளுக்கும் அந்தப் பழக்கம் தொற்றியிருந்தது. ஒன்று சொன்னால் விடமாட்டாள், ஏன் எதற்கு என்று குடைவாள். அன்றைக்கு நானும் கராஜில் நிற்க, வந்ததுமே சண்டைதான்.

"என்ன கனகேஸ் இது? தூள் முடிஞ்சு ரெண்டு கிழமை. உங்கட போன் நம்பர் தொலைஞ்சு போச்சு. ஒஃபீஸ் கொம்பியூட்டர்ல தேடுறேன் தேடுறேன், உங்கட கடை வரவே இல்ல. கடைசில பஸ் ஏறி வந்துட்டேன்."

கனகேஸ்வரி சிரித்தாள். "விசர்க் கதை கதைக்காதேங்கோ மேபல் அக்கா. என்ரை கடை முதலாவதா எல்லோ வருது."

"எங்க வருது?"

"என்ரை கொம்பியூட்டரிலை."

"என்னோடதுல வரல்லையே?"

"அது… நீங்கள் தீட்டாக்கும்."

மேபல் கோபிக்கவில்லை. கைப்பையை மெஷினின் மேல் வைத்துவிட்டு ஆறுதலாகக் கேட்டாள்.

"ஓடர் வருதா?"

"ஓடர் வரேல்லை. அது முதலாவதா வந்த பிறகு வரும்."

"முதலாவதா வந்துட்டுது எண்டு இப்பதானே சொன்னீங்க?"

கனகேஸ்வரி என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

மேபல் என் பக்கம் திரும்பினாள். "நாகேந்திரம், உங்கட படக்கடை?"

"முதலாவது," என்றேன். கண்ணூறு பற்றிய ஞாபகமே வரவில்லை.

"யார் சொன்னது?"

"என்ரை கொம்பியூட்டர்."

"அது உங்கட கொம்பியூட்டர்தானே மேன்! நீங்க வடிவான ஆளா எண்டு உங்கட வைஃப்கிட்ட கேட்டா என்ன சொல்லுவா?"

"இல்லை எண்டுதான் சொல்லுவா."

"அப்ப உங்கட வைஃபுக்கு இருக்கிற நேர்மை அந்தக் கொம்பியூட்டருக்கு இல்ல," என்றாள் மேபல். "எங்கட ஒஃபீஸ்ல பாருங்க. வக்கீல் ஐயா அவருடைய கணக்குல போய் 'கண்டி' எண்டு தேடினா கிரிக்கெட் மெட்ச் வரும். நான் என்னோடதுல போய் அதே 'கண்டி'யைத் தேடினா கண்டிப் பொம்பிளைகள் கட்டுற ஒஸரிச் சாரி வரும். ஏன்? அவர் எந்த நேரமும் மெட்ச் பார்க்கிறவர். நான் சாரி பார்க்கிறவ. ஆள் எதை விரும்பி அமத்துதோ அதை ஞாபகம் வச்சிருந்து முன்னுக்குக் கொண்டுவந்து தருது. நீங்க நூத்தெட்டுத் தரம் உங்கட கடையையே அமத்தினா, 'ஓ, இந்த ஆளுக்கு இந்தக் கடையில பைத்தியம்' எண்டு நினைச்சு உங்களுக்கு மட்டும் அதைக் காட்டும். கனடாவில இருக்கிறவனுக்கு ஏன் காட்டப்போகுது?"

எனக்குக் கோபம் வந்தது. உண்மையைச் சொல்கிறேன், அவள் சொன்னது விளங்கியதால்தான் கோபம் வந்தது. அந்த நிமிடமே என் கணினியில் கனகேஸ்வரியின் கடையைத் தேடிப் பார்த்திருக்கலாம். இரண்டு நிமிட வேலை. ஆனால் கனகேஸ்வரி கையெடுத்துக் கும்பிட்டாள். "வேண்டாம் அண்ணை. தீட்டுப் பட்டால் நாப்பத்தெட்டு நாளும் போச்சு. பிள்ளையளின்ரை சாப்பாடு அண்ணை."

மேபல் கைப்பையை எடுத்தாள். "சரி. வெள்ளிக்கிழமை யாகத்துக்கு நானும் வாறேன். மெஷின்ட காசை மட்டும் அதுவரைக்கும் கையில வாங்காதீங்க."

வெள்ளிக்கிழமை பகல் ஒரு கல்யாண மண்டபத்தில் மகா முதலிட யாகம். உலக முதலிடம் வேண்டுபவர்கள் தங்கள் கணினியோடு வர வேண்டும் என்று கட்டளை. காலி வீதியில் அன்று ஓடிய ஓட்டோக்களைப் பார்த்திருக்க வேண்டும். பின்ஆசனத்தில் மாலை போட்டுச் சந்தனப் பொட்டு வைத்த கணினி சாய்ந்து வருகிறது. முதலாளி சாரதிக்குப் பக்கத்தில் பாதி உடம்பு வெளியே தொங்க வருகிறார். சோதனைச்சாவடியில் சார்ஜன்ட் ஒவ்வொரு கணினியாக நிறுத்திப் பார்த்துவிட்டு, கடைசியில் தானும் ஒரு ஓட்டோவில் தொற்றிக்கொண்டார். பாதுகாப்புக்காம். மடியில் மல்லியின் கணினி.

மண்டபத்தில் நாற்பது கணினி. நாற்பது மவுஸ். ஒவ்வொரு மவுஸின் கீழும் ஒரு தேசிக்காய். புது வாகனத்துக்கு எலுமிச்சை வைக்கலாம் என்றால் இதற்கு வைக்கக்கூடாதா? நடுமேடையில் பட்டு விரித்த பீடத்தில் சுவாமிகளின் சொந்த மடிக்கணினி. அதற்குப் பெயர் மூலக் கணினி. அதன் முன்னால் சுவாமிகள். இடுப்பு வரை சடை. கழுத்தில் உருத்திராட்சம் இல்லை, பழைய கீபோர்டில் இருந்து கழற்றிக் கோத்த எழுத்து மாலை.

சுவாமிகள் மணியைக் கையில் எடுத்தபோது மேபல் எழுந்து நின்றாள்.

"சுவாமி, ஒரு சின்ன டவுட். கொழும்பில புடைவைக் கடை எண்டு தேடினா முதலாவதா வாறது எந்தக் கடை?"

சுவாமிகள் பதில் சொல்வதற்கு முன்பே தில்லைநாதன் துள்ளி எழுந்தார். "என்ரை கடை!"

மூன்றாம் வரிசையில் ஆனந்தகிருஷ்ணன் எழுந்தார். எதிர்ப்பக்கப் புடைவைக் கடைக்காரர். இந்திய வம்சாவளி, அப்பா காலத்திலிருந்தே தில்லைநாதனோடு போட்டி. "என்னங்க சொல்றீங்க? நம்ம கடைதான் முதல்ல வருது. நாப்பது நாளா வருது."

"உம்மட கடையோ? கனவிலையோ வருகுது, காணும்?"

"உங்க கண்ணுக்கு முன்னாடி காட்டட்டுமா?"

இரண்டு பேரும் தத்தம் கணினியைத் திறந்தார்கள். தில்லைநாதனின் திரையில் தில்லைநாதன் முதலாவது. ஆனந்தகிருஷ்ணனின் திரையில் ஆனந்தகிருஷ்ணன் முதலாவது. சபை கழுத்தை அங்கும் இங்கும் திருப்பியது. ஒரே கேள்வி, ஒரே ஊர், இரண்டு முதலாவது!

"கதிரையை மாத்தி இருங்க," என்றாள் மேபல்.

அவ்வளவுதான் அவளுடைய பரிசோதனை. ஆயுதம் இல்லை, மந்திரம் இல்லை, இரண்டு பிளாஸ்டிக் கதிரை. தில்லைநாதன் போய் ஆனந்தகிருஷ்ணனின் கணினியில் தன் கடையைத் தேடினார். ஆனந்தகிருஷ்ணன் வந்து தில்லைநாதனுடையதில் தேடினார். இரண்டாம் பக்கம். ஐந்தாம் பக்கம். எட்டாம் பக்கம். பதினோராம் பக்கத்தில் தில்லைநாதன் "ஐயோ" என்றார். பன்னிரண்டாம் பக்கத்தில் ஆனந்தகிருஷ்ணன் "அட பாவி" என்றார். முப்பது வருஷத்தில் முதல் தடவையாக இரண்டு பேரும் ஒரே பக்கம் நின்று சுவாமிகளைப் பார்த்தார்கள்.

சுவாமிகள் அசரவில்லை. அந்தத் துணிச்சலுக்கு நான் இன்றும் தலைவணங்குகிறேன். "மூடர்களே! ஒருத்தன்ரை கணினி மற்றவனுக்குத் தீட்டு எண்டு சொன்னனானோ இல்லையோ? தீட்டுப் பட்டுது. அம்மன் மறைஞ்சிட்டா!"

சனம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. நானும் போட்டுக்கொண்டேன். விரல் நொந்தது.

"சரி சுவாமி," என்றாள் மேபல் மிகவும் பணிவாக. "அப்ப தீட்டே படாத கணினி ஒண்டும் இல்லையா?"

சுவாமிகள் நெஞ்சை நிமிர்த்தினார். "ஏன் இல்லை? மூலக் கணினி! இதுக்கு ஏது தீட்டு?"

சொல்லி முடித்த அடுத்த கணமே அவருக்கு விளங்கிவிட்டது. முகம் போன போக்கிலேயே தெரிந்தது. ஆனால் சொல் வாயை விட்டு வந்துவிட்டது. முன்வரிசையில் இருந்து கனகேஸ்வரி எழுந்தாள். யாரும் அவளை எழும்பச் சொல்லவில்லை. அவளாகவே மேடையில் ஏறினாள்.

"சுவாமி, நான் இதிலை ஒருக்கால் பாக்கிறன். நாலு மணிக்கு என்ரை மெஷினை ஏத்துறாங்கள். அதுக்கு முதல் ஒரே ஒருக்கால்."

"அம்மா, நேரம் சரியில்லை, இராகு காலம்…"

"இராகு காலம் பன்ரண்டு மணிக்கே முடிஞ்சுது," என்றது கூட்டத்தில் ஒரு குரல். எங்கள் சனத்துக்கு வேறு எது தெரியாவிட்டாலும் அது தெரியும்.

மாலையை விலக்கிவிட்டு, பிளாஸ்டர் சுற்றிய விரலால், யாழ்ப்பாண மிளகாய்த்தூள் என்று தேடினாள். முதலாவது யாரோ. இரண்டாவது யாரோ. அவள் அடுத்த பக்கம் போனாள். அடுத்தது. அடுத்தது. பதினாலாம் பக்கம். முதல்நாள் கிடந்த அதே பதினாலாம் பக்கம். கீழே, கடைசிக்கு முதல் வரி. நாற்பத்தெட்டு நாள், ஐயாயிரத்துச் சொச்சம் கிளிக், வீங்கிய விரல், கைவிட்டுப் போன வாடிக்கை. ஒரு வரிகூட மேலே ஏறவில்லை.

"அப்ப இவ்வளவு நாளும் நான் என்னையே கூப்பிட்டுக்கொண்டு இருந்தனானே?" என்றாள். அழுவாள் என்று நினைத்தேன். இல்லை. அவளுடைய முகத்தில் வந்தது கோபம், சுத்தமான கோபம். அதைப் பார்த்து எனக்கு வெட்கமாகப் போயிற்று.

மேபல் மேடையில் ஏறி எட்டிப் பார்த்தாள். "கனகேஸ், சும்மா 'கொழும்பு' எண்டு மட்டும் போட்டுப் பாருங்க. சுவாமிட மெஷின் சுவாமிக்கு எதைப் பரிமாறுது எண்டு பாப்போம்."

சுவாமிகள் மூடியை அமத்தப் பாய்ந்தார். ஆனந்தகிருஷ்ணனும் தில்லைநாதனும் ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டார்கள். கனகேஸ்வரி தேடினாள். முதலாவதாக வந்ததைச் சத்தமாக வாசித்தாள்.

"கொழும்பிலை இருந்து பாங்கொக். ஒருவழி டிக்கெட்."

"இரண்டாவது?"

"பாங்கொக்கிலை கடல் பாத்த வீடு." திரைக்குக் கிட்டக் குனிந்தாள். "மூண்டாவது… செயற்கைச் சடை. இடுப்பு வரைக்கும். கழுவிப் பாவிக்கலாம்."

நாற்பது பேரின் தலையும் ஒரே நேரத்தில் சடையை நோக்கித் திரும்பியது. சுவாமிகள் ஒரு கையை உதறி விடுவித்து உச்சந்தலையைப் பிடித்துக்கொண்டார். யாரும் தொடவில்லை, இழுக்கவில்லை. அவராகவே பிடித்துக்கொண்டார். அதற்குமேல் சாட்சி வேண்டுமா?

கடைசி வரிசையில் இருந்து சார்ஜன்ட் எழுந்து வந்தார். மல்லியின் கணினியைக் கக்கத்தில் இடுக்கியிருந்தார். தமிழ் விளங்காதவருக்கு இந்தக் காட்சி நன்றாகவே விளங்கியது. யார் காரணம் என்று கேட்பது போலச் சபையைப் பார்த்தார். நாற்பது பிளாஸ்டர் விரல்கள் ஒன்றாக எழுந்து மேடையைக் காட்டின.

"ஐ.சி. எக்க தென்ன," என்றார். அடையாள அட்டை கேட்கிறார். சுவாமிகள் நீட்டினார். சார்ஜன்ட் அட்டையைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார். அட்டையில் வழுக்கைத் தலை. பெயர் சிவபாதசுந்தரம். அந்தக் காலத்தில் அட்டையும் ஆளும் பொருந்தாவிட்டால் என்ன நடக்கும் என்று கொழும்பில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. ஆறு மாதம் எங்களையெல்லாம் ஆட்டிவைத்த ஸ்ரீலஸ்ரீ இணையானந்த சுவாமிகள் தானே சடையைக் கழற்றி மூலக் கணினியின் மேல் வைத்தார். பொருந்தியது. விசாப் படத்துக்கு வேண்டிய எல்லாம் இருந்தது. இரண்டு காதும் தெரிந்தன, சிரிப்பு இல்லை.

கனகேஸ்வரி இதொன்றையும் பார்க்க நிற்கவில்லை. சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள். நாலே கால்! மேடையிலிருந்து குதித்து ஓடினாள். மேபலும் நானும் பின்னால் ஓடினோம். ஒழுங்கைக்குள் திரும்பும்போதே லொறி தெரிந்தது. பச்சை மெஷின் லொறியில் ஏறிக் கயிறும் கட்டியாகிவிட்டது. கனகேஸ்வரி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு லொறியில் ஏறி மெஷினைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

ஷரீப் முதலில் பயந்துபோனார். பிறகு விஷயத்தைக் கேட்டுத் தலையில் கைவைத்தார். "அல்லாவே! நல்லா ஓடுற மெஷினை இந்தப் பிள்ளை ஏன் விக்குது எண்டு நானும் யோசிச்சேன் தங்கச்சி. இறக்குங்கடா! என்ட வீட்டுல உங்கட தூள்தான். இது போனா பொஞ்சாதி பைறோஸா என்னை வீட்டுக்குள்ள விடமாட்டா."

கனகேஸ்வரி லொறியில் இருந்தபடியே கேட்டாள்: "மருதானையிலை இருக்கிற உங்கட மனுசிக்கு என்ரை தூள் எப்பிடித் தெரியும்? இன்ரநெற்றிலை பாத்தவவோ?"

"இன்டநெட்டா? பக்கத்து வீட்டு மனுசி குடுத்துச் சாப்பிட்டுப் பார்த்தா. இறைச்சிக் கறி."

அவள் அப்போதுதான் அழுதாள். நன்றாக அழுதாள். மெஷினை இறக்கிப் பழைய இடத்தில் வைத்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சுவிட்சைப் போட்டாள். என் சுவரில் ஒரு படம் விழுந்து உடைந்தது. இருக்கட்டும்.

வெப்சைற்றை அவள் மூடவில்லை. மேபல் மூடவும் சொல்லவில்லை. அதன்பிறகு தூள் வாங்கிப்போகிறவர்களிடம் எல்லாம் ஒரு உதவி கேட்டாள்: உங்கட கொம்பியூட்டரிலை என்னைத் தேடிப் பாத்து, எத்தனையாம் பக்கம் எண்டு எனக்கு உண்மையைச் சொல்லுங்கோ. பதினாலில் இருந்து பதினொன்றுக்கு வரவே நாலு மாதம் எடுத்தது. ஆனால் அது உண்மையான பதினொன்று.

நாங்கள் திருந்திவிட்டோம் என்று நினைக்காதீர்கள். அடுத்த மாதமே கொட்டாஞ்சேனையில் ஒருவர் கணினிக்குத் தோஷம் கழிக்கிறார் என்று கேள்விப்பட்டு, எனக்குத் தெரிந்த பதினேழு பேர் அங்கே வரிசையில் நின்றார்கள். முன்னுக்கு நின்றவர் தில்லைநாதன். அவருக்குப் பின்னால், அவர் எதற்கு நிற்கிறார் என்று பார்க்க வந்த ஆனந்தகிருஷ்ணன்.

இன்றைக்கு எல்லோர் கையிலும் ஒரு மூலக் கணினி இருக்கிறது. குளிக்கவும் தேவையில்லை, கிழக்கே பார்க்கவும் தேவையில்லை. உங்கள் கட்சிதான் வெல்லும், உங்கள் சாமிக்குத்தான் சக்தி, உங்கள் சனம்தான் உசத்தி என்று காலையும் மாலையும் உங்களுக்குக் காட்டிக்கொண்டிருக்கிறதா? ஊரே அப்படித்தான் நினைக்கிறது என்று நீங்களும் நம்பிக்கொண்டிருக்கிறீர்களா? தயவுசெய்து ஒருநாள் கதிரையை மாற்றி உட்காருங்கள். பக்கத்து வீட்டுக்காரரின் போனை வாங்கி ஒரு நிமிடம் பாருங்கள். தீட்டு ஒட்டினால் ஸ்டூடியோவுக்கு வாருங்கள், கைகழுவச் சவர்க்காரம் நான் தருகிறேன்.